அறுபத்து நான்கு டம்ளர் தண்ணீர்

நான் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த கதிர்வைத்தியப் பிரிவில், இப்போது இருக்கும் டெக்னீஷியன்கள் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். "மெஷின் எப்படியெல்லாம் மாறுச்சுன்னு எழுதுங்க சார்" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்து மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். நான்காவது தாளில் மெஷினுக்குப் பதிலாக ஒரு வேப்பமரம் வந்து நின்றுவிட்டது. பிரிவின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி நிற்கிறதே, அந்த மரம்தான். அந்தப் பொட்டல் மண்ணில் அது மட்டும் எப்படி இப்படி வளர்ந்தது என்று நீங்களும் ஒருநாள் கேட்டிருப்பீர்கள். அதன் கணக்கு என்னிடம் இருக்கிறது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தது பரளச்சி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தார்கள். திருச்சுழியில் பள்ளி, மதுரையில் கல்லூரி, பிறகு இரண்டு வருஷ டெக்னீஷியன் படிப்பு. வேலையும் மதுரையிலேயே. முதல் பதினான்கு வருஷம் கோபால்ட் மெஷின், அடுத்த இருபத்திரண்டு வருஷம் லீனியர் மெஷின். இரண்டிலும் நான் செய்தது ஒன்றுதான். எண்ணினேன். மாடிப்படியில் இருந்து மெஷின் அறைக்கு நாற்பத்தொரு எட்டு. ஈயக்கதவு மூட ஏழு விநாடி. "சோத்துப் பருக்கையை மட்டுந்தான் நீங்க இன்னும் எண்ணலை" என்பாள் என் மனைவி. அவளுக்குத் தெரியாது, ஒருநாள் அதையும் முயன்று பாதியில் விட்டிருக்கிறேன்.

எண்ணாமல் இருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். நாங்கள் புற்றுக்கு வைக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. எங்கள் பக்கத்து மக்கள் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். சத்தம் இல்லை, சூடு இல்லை, வாசனை இல்லை. எண் ஒன்றுதான் கையில் பிடிக்கக் கிடைக்கிறது.

அந்தப் பயத்தைத் திட்டாமல் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டவர் எங்கள் பிசிசிஸ்ட் இருளப்பன் சார். மெஷின் கொடுக்கும் கதிரின் அளவைத் தினமும் காலையில் அளந்து சரிபார்ப்பது அவர் பொறுப்பு. அளக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். எழுதுவதெல்லாம் பென்சிலால்தான். கூட்டுகிற ஆளில் இருந்து டீன் வரை எல்லாருக்கும் 'ஐயா'தான். ஏதாவது தவறு நடந்துவிட்டால் "யாரு செஞ்சது?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "எத்தனாவது நாளு?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்வியால் எங்கள் பிரிவில் யாரும் எதையும் மறைத்ததில்லை. அப்படித்தான் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பதிமூன்று வருஷத்துக்கு முன் குருசாமி அண்ணாச்சி எங்களிடம் வந்தார். பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டின் மேலேயே கடை. லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவர். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. தார்ப்பாய் வியாபாரத்தில் கறை படியாத இடமே கிடையாது. அவர் வேட்டியோ கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, ஒரு பொட்டுக் கறை இருக்காது. புராஸ்டேட்டில் புற்று. முப்பத்தேழு நாள் கரண்டு வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

முதல் வேலை புள்ளி குத்துவது. அடிவயிற்றில் ஒன்று, இரண்டு இடுப்பிலும் ஒவ்வொன்று. கடுகு அளவு பச்சைப் புள்ளி. தினமும் ஆளைப் படுக்க வைத்து, சுவரில் இருந்து வரும் சிவப்புக் கோடுகள் அந்த மூன்று புள்ளிகளில் விழுகிற மாதிரி நகர்த்துவோம். மூன்றாவது புள்ளி குத்தி முடித்ததும் அண்ணாச்சி கேட்டார்.

"புள்ளி வச்சாச்சு. கோலம் எப்ப சார்?"

"முப்பத்தேழு நாளும் கோலந்தான் அண்ணாச்சி."

இரண்டாவது வேலை தண்ணீர். இதில்தான் கதையே இருக்கிறது. புராஸ்டேட்டுக்குக் கரண்டு வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தால்தான் அது குடலை மேலே தள்ளி வைக்கும், படக்கூடாத இடத்தில் கரண்டு படாது. அதனால் முதலில் பையைக் காலி செய்துவிட்டு வரச்சொல்லி, எங்கள் சில்வர் டம்ளரில் இரண்டு டம்ளர், அதாவது அரை லிட்டர் குடிக்கச் சொல்வோம். பிறகு முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இப்போதுபோல் தினமும் படம் பிடித்துப் பையைப் பார்க்கும் வசதி அன்றைய மெஷினில் இல்லை. வாரம் ஒருமுறை எடுக்கும் படத்தில் எலும்புதான் தெரியும். "குடிச்சீகளா?" என்று கேட்பேன். "குடிச்சேன்" என்றால் டிக் போடுவேன்.

ஐந்தாவது நாள் மெஷின் நின்றுபோயிற்று. முக்கால் மணி நேரம் என்றது இரண்டு மணி நேரத்தை நெருங்கிவிட்டது. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். நான் உள்ளே என்ஜினியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அண்ணாச்சியின் வேட்டி முழுக்க நனைந்திருந்தது. கையில் காலி பாட்டில்.

"பாட்டில் கொட்டிருச்சு சார்" என்றார்.

"பார்த்துப் பிடிக்கக் கூடாதா அண்ணாச்சி? சின்னப்பிள்ளையா நீங்க?" என்று சிடுசிடுத்துவிட்டு, மறுபடி இரண்டு டம்ளர் கொடுத்தேன்.

இருபத்து மூன்றாவது நாள் பாதிக் கதிரில் மின்சாரம் போய்விட்டது. மெஷினில் பேட்டரியில் ஓடும் இரண்டாவது எண்ணி எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டியது. மீதியைக் கழித்துப் பார்த்துக் கொடுத்தேன். எழுதியும் வைத்தேன். அன்று மூன்று முறை கூட்டிக் கழித்தேன். வீட்டுக்குப் போய் நான்காவது முறை.

முப்பத்தேழாவது நாள் அண்ணாச்சி எல்லாருக்கும் சேவு வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். புற்று அடங்கியது, அன்றும் இன்றும் அடங்கியே இருக்கிறது. ஆனால் பதினைந்தாவது மாதம், புராஸ்டேட்டை ஒட்டி இருப்பதால் கதிர் பட்ட மலக்குடலில் அவருக்கு ரத்தம் வர ஆரம்பித்தது. நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்தபிறகுதான் கூட்டி வந்தார்கள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு குழாய் விட்டு உள்ளே பார்த்து, கசிகிற இடங்களைச் சுட்டு அடைத்தார்கள். அப்படியும் முழுக்க நிற்க இரண்டரை வருஷம் ஆயிற்று. வெள்ளை வேட்டி கட்டின மனிதர் கருநீலக் கைலிக்கு மாறினார்.

"எத்தனாவது நாளு?" என்று இருளப்பன் சார் என்னைக் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். "இருபத்து மூணாவது நாள் சார்."

அவர் ஃபைலை எடுத்தார். மூன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்தோம். முப்பத்தேழு நாள், நாளைக்கு நாலு பக்கத்தில் இருந்து கதிர், ஆக நூற்று நாற்பத்தெட்டுப் பதிவு. ஒவ்வொன்றையும் மெஷினின் அன்றைய அளவோடு ஒத்துப் பார்த்தார். அந்த இருபத்து மூன்றாம் நாளைத் தனியாக ஒரு தாளில் முதலில் இருந்து போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எண்ணு சரியா இருக்குய்யா. அதே மாசம், அதே மெஷினு, அதே அளவு, இன்னும் ஆறு பேருக்கு வச்சிருக்கோம். அதுல அஞ்சு பேரு சைக்கிள் மிதிக்காக. ஒருத்தருக்கு லேசா எரிச்சல். ஆளு வேற மாதிரிய்யா. அது ஏன்னு எனக்குத் தெரியலை."

அவர் சொன்னதை நான் தலையால் கேட்டேன், மனசால் கேட்கவில்லை. ஓய்வு பெறும் நாளில் சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள். மேடையில் உட்கார்ந்து இருபத்து மூன்றாம் நாளின் கணக்கைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டேகால் வருஷத்துக்கு முன் ஒரு காலை, இப்போது பிரிவில் மூத்த டெக்னீஷியனாக இருக்கும் செல்வி போன் செய்தது. "சார், பந்தல்குடி குருசாமி அண்ணாச்சி தம்பி தவசி வந்தாரு. அவருக்கும் அதே புராஸ்டேட். நெஞ்சுல ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட் இருக்கு, இதயமும் வீக்கு. ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாங்க. கரண்டுதான் வழி. புள்ளி குத்தப் படுக்க வச்சோம் சார். எந்திரிச்சு ஓடிட்டாரு. நீங்க அருப்புக்கோட்டையிலதானே இருக்கீங்க, ஒரு எட்டுப் போய்ப் பேசுங்களேன்."

போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னது. கதிர் பட்டால் புண் ஆறுகிற வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறு, அது மரபணுவில் இருக்கிறது என்று இப்போது டாக்டர்கள் பேசிக்கொள்கிறார்களாம். "உங்க அண்ணாச்சி கேஸைத்தான் நெனச்சேன் சார்" என்றது.

பஸ் ஏறினேன். பந்தல்குடி வரை ஒன்பது வேகத்தடை. வழியில் பேச வேண்டிய விஷயங்களை நாலாகப் பிரித்து வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கடையில் அண்ணாச்சி அதே கைலியில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் நின்று ஏழு வருஷம் ஆகியும் கைலி மாறவில்லை. தவசிக்கு அறுபத்தெட்டு வயது. கயிற்றுச் சுருள்மேல் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"ஏ, எங்க அண்ணனுக்குக் கரண்டு வச்ச ஆளே நேர்ல வந்துட்டாருய்யா. மிச்சக் கரண்டை எனக்கு வைக்கவாக்கும்?"

"வாயை மூட்றா தவசி. வீடு தேடி வந்தவுககிட்ட இப்படியா பேசுவே" என்று அண்ணாச்சி அதட்டிவிட்டு எனக்குக் கலர் உடைத்துக் கொடுத்தார்.

முதல் விஷயத்தை ஆரம்பித்தேன். தவசி கையைக் காட்டி நிறுத்தினார். கேலியெல்லாம் போய்விட்டிருந்தது.

"சார், அண்ணன் மயங்குனப்ப நாந்தான் தூக்கிட்டு ஓடுனேன். கார் சீட்டுல விரிச்சிருந்த துணியை நாந்தான் மடிச்சு எடுத்தேன். இன்னொரு தடவை அதை என்னால பார்க்க முடியாது. எனக்கு நோவு இருந்துட்டுப் போகட்டும்."

மீதி மூன்று விஷயங்களும் எங்கே போயின என்று தெரியவில்லை. என் வாயில் வேறொன்றுதான் வந்தது.

"அண்ணாச்சி, அந்த இருபத்து மூணாவது நாளு பாதியில கரண்டு போச்சு, ஞாபகம் இருக்கா? மீதியை நாந்தான் கழிச்சுக் கொடுத்தேன். அதுல ஏதும் தப்புப் பண்ணிட்டேனோன்னு ஒம்பது வருஷத்துக்கு மேலா எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களுமா இதைச் சொமந்துக்கிட்டு அலைஞ்சீக? நான் தண்ணியே குடிக்கலை சார்!"

எனக்குப் புரியவில்லை.

"அஞ்சாவது நாளு பாட்டில் கொட்டுச்சுன்னு சொன்னேன்ல? பாட்டில் கொட்டலை. நாந்தான்… அடக்க முடியலை. ஒம்பது பேரு உட்கார்ந்திருக்காக, அதுல ரெண்டு பேரு பொம்பளையாளுக. பாட்டில் தண்ணியை நானே மேல ஊத்திக்கிட்டேன். மறுநாள்ல இருந்து டம்ளரை வாங்குவேன், பின்பக்கம் போவேன். ஒரு வேப்பங்கன்னு நின்னுச்சு, அது மூட்டுல ஊத்திருவேன். நீங்க கேட்டா குடிச்சேன்னுருவேன். பொய் சொன்னதுக்குத்தான் சாமி ரத்தமாக் கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டு, நாலு மாசம் வெளியே சொல்லலை."

'சின்னப்பிள்ளையா நீங்க' என்று நான் கேட்டது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பிறகு வழக்கம்போல் எண்ணினேன். ஆறாம் நாளில் இருந்து முப்பத்தேழு வரை முப்பத்திரண்டு நாள். நாளைக்கு இரண்டு. அறுபத்து நான்கு டம்ளர்.

உள்ளே இருந்து காப்பியோடு வந்த அவர் மனைவி வள்ளியம்மாள் நிலைக்கதவிலேயே நின்றுவிட்டார். "அப்ப அது என்னால இல்லையா?" என்றார்.

"நீ என்னத்தச் செஞ்ச?"

"காரம் ஆகாது, கருவாடு ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிவிட்டாக. இவுக மூஞ்சி வாடிக் கெடந்துச்சு. மனசு கேக்கலை. கருவாட்டுக் குழம்பு வச்சுக் கொடுத்துட்டேன் சார். பதினோரு தடவை."

எண்ணி வைத்திருக்கிறார்! என் வாழ்நாளில் என்னைப்போல் இன்னொரு ஆளைச் சந்தித்த சந்தோஷம் அந்த நேரத்திலும் எனக்குள் எழுந்தது.

தவசி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மூணு பேரும் கூட்டுச் சேந்து எங்க அண்ணனைக் கொல்லப் பாத்திருக்கீக! மதினி குழம்பு, இவரு கரண்டு, இந்தாளு தண்ணி!"

அவ்வளவுதான். வள்ளியம்மாள் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தார்ப்பாய் வாங்க வந்த லாரி டிரைவர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

சிரிப்பு அடங்கியதும் செல்வி சொன்னதைச் சொன்னேன். பிறவியிலேயே சில உடம்பு அப்படி, இருளப்பன் சார் அன்றைக்கே 'ஆளு வேற' என்றாரே, அதுதான் இது என்றேன். அண்ணாச்சி உடனே பிடித்துக்கொண்டார். "நம்ம தார்ப்பாய் மாதிரி சார். அதே வெயிலு, அதே லோடு, ஒண்ணு பத்து வருஷம் நிக்கும், ஒண்ணு ரெண்டு வருஷத்துல வெடிச்சிரும். ரோலைப் பொறுத்தது."

"சரிண்ணே" என்றார் தவசி நிதானமாக. "நீயும் நானும் ஒரே ரோலு. உனக்கு வெடிச்சா எனக்கும் வெடிக்கும்ல?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியாது என்றே சொன்னேன். பதில் சொல்லக்கூடியவர் மதுரையில் இருக்கிறார், வாருங்கள் கேட்போம் என்றேன். "கேக்கத்தான் வாரேன். படுக்க வரலை" என்று எச்சரித்துவிட்டு மறுநாள் பஸ் ஏறினார். நாலு பேரும் போனோம்.

பிரிவின் டாக்டர் பூங்கோதை எங்கள் எல்லாருடைய வாக்குமூலத்தையும் வரிசையாகக் கேட்டார். சிரிக்காமல் கேட்க முயன்றார், முடியவில்லை. "குழம்புக்கும் அந்த ரத்தத்துக்கும் சம்பந்தமில்லைம்மா. இருபத்து மூணாவது நாளை இருளப்பன் சார் பார்த்ததுக்கு மேல பார்க்க ஒண்ணுமில்லை சார். தண்ணி குடிக்காதது தப்புதான், அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆனா அதே மாதிரி ஏமாத்திட்டு நல்லா இருக்கிற ஆளுக எத்தனையோ பேர். அண்ணாச்சி உடம்பு வாகுதான் பெரிய காரணமா இருக்கும்னு நெனக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

தவசி தன் கேள்வியைக் கேட்டார். டாக்டர் அவசரப்படவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே ரோல் இல்லீங்க. ஒரே மில்லுல நெய்த ரெண்டு ரோல். சில நூல் ஒண்ணா இருக்கும், சிலது வேற. இதுல ஒரு நூல் இல்லை, சின்னச் சின்னதா நிறைய இருக்கு. ரத்தத்தைப் பார்த்து 'உங்களுக்கு வரும், உங்களுக்கு வராது'ன்னு சொல்ற பரிசோதனை இன்னைக்கு என் கையில இல்லை. இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க அண்ணனுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சதே எனக்குப் பெரிய விஷயம். குடலுக்குப் போற அளவை இன்னும் குறைச்சுப் போடுவேன். இப்ப மெஷினும் தினம் படம் பிடிச்சுத்தான் வைக்கும்."

"அதுக்கு மேலயும் வந்துச்சுன்னா?"

"மொதச் சொட்டுலயே என்கிட்ட வாங்க. உங்க அண்ணன் நாலு மாசம் மறைச்சாரு. நீங்க நாலு மணி நேரம் மறைக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

தவசி அண்ணனைப் பார்த்தார். "நான் மறைக்கிற ஆளு இல்லை. எனக்கு வாய் நிக்காது" என்றார். பிறகு சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். "எங்க, புள்ளி குத்துங்க."

அவருக்கு இருபது நாள்தான். இப்போது அப்படித்தான். இருபது நாளும் அண்ணாச்சி கூட வந்தார். இரண்டு டம்ளரும் இறங்குகிறவரை தம்பி தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஏலே, முழுசாக் குடிலே. உள்ள டிவியில பையைப் பாக்காக, ஏமாத்த முடியாது." ஏழாவது நாள் மெஷின் தாமதமானது. செல்வி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, "இன்னும் நேரமாகும், அடக்க வேணாம், போயிட்டு வந்து மறுபடி குடிங்க" என்று ஒவ்வொருவரிடமும் குனிந்து சொன்னது. இப்படிச் செய்யும்படி நான்தான் செல்வியிடம் கேட்டுக்கொண்டேன். முப்பத்தாறு வருஷ வேலையில் நான் எண்ணத் தவறியது இதைத்தான். உள்ளே விநாடிகளை எண்ணினேன், வெளியே உட்கார்ந்திருந்தவரின் நிமிஷங்களை எண்ணவில்லை.

பதினான்காவது மாதம் தவசி போன் செய்தார். "சார், வந்திருச்சு. ரெண்டே சொட்டு. பாத்துக் கால் மணி நேரம் ஆவுது, பஸ்ஸுல ஏறிட்டேன், டாக்டரம்மாட்டயும் சொல்லிட்டேன். கண்டக்டர் கிட்டயும் சொல்லிட்டேன்." மருந்திலேயே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

போன மாதம் அவருடைய இரண்டாவது வருஷச் சோதனை. நானும் போயிருந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் தவசி பிரிவு முழுக்கச் சேவு கொடுத்தார். அண்ணாச்சியைக் காணோம். தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். காலையில் இருந்து கூடவே வந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. கையில் எங்கள் பழைய சில்வர் டம்ளர், பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"இன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சே ஊத்தலாம்ல சார்?"

"தாராளமா ஊத்துங்க அண்ணாச்சி."

ஜன்னல் வழியே செல்வி பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மூட்டில் நிதானமாக ஊற்றினார். ஒரு டம்ளர். மறுபடி நிரப்பி இன்னொரு டம்ளர். வேட்டியில் இரண்டு துளி தெறித்தது, அவர் அதைத் தட்டிவிடவில்லை.

அறுபத்தைந்து. அறுபத்தாறு.